ஏழுக்கு நடுவே ஒரு கோடு

வெல்டிங் வேலையில் கண் எரிவது அன்றைக்கே தெரிந்துவிடும். மனசு எரிவதற்குத்தான் சில வருஷம் பிடிக்கும். கண்மேல் உருளைக்கிழங்கு வில்லையை வைத்துக்கொண்டு படுத்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நீங்கள் நம்ம ஆள். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கடலடியில் கேஸ் கொண்டுபோகும் குழாயை, கப்பலில் நின்றபடி துண்டு துண்டாகப் பற்றவைத்துக் கடலுக்குள் இறக்குகிற வேலையில் நான் இரண்டு வருஷம் இருந்தேன்.

தண்ணிக் குழாய்

கிளம்பும் முன் சாணார்பட்டி அத்தையிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அந்த வருஷம் அவர் கிணறு வற்றித் தக்காளிச் செடியெல்லாம் காய்ந்து நின்றது. கடலுக்கடியில் குழாய் போடப்போகிறேன் என்றதும் அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது.

தண்ணீர் இல்லை அத்தை, கேஸ் என்றேன். அந்த நாட்டில் எடுத்து, கடலைத் தாண்டி இந்த நாட்டுக்கு அனுப்புவார்கள், அடுப்பெரியும், கரண்ட் எடுப்பார்கள் என்று விளக்கினேன். வந்த சந்தோஷம் அப்படியே போய்விட்டது. செடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அம்புட்டுத் தூரம் போறவன், அப்படியே ஒரு குழாயை இங்கிட்டும் திருப்பி விட்டுட்டுப் போயேன்டா."

எக்ஸ்ரே

என்னோடு வந்தவன் பேகம்பூர் பஷீர். இருவரும் ஒரே பட்டறையில் தொழில் பழகியவர்கள். என்னைவிட அவனுக்குக் கை சுத்தம். ஆளெடுக்கும் தேர்வில் இரண்டு குழாய்த் துண்டுகளை இணைத்துக் கொடுக்க வேண்டும். இணைத்த இடத்தை எக்ஸ்ரே எடுத்து, உள்ளே பொத்தல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பஷீர் முதல் தடவையே பாஸ். நான் பெயில். ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து கை பிடிக்காத குறையாகச் சொல்லிக் கொடுத்தான், பிறகுதான் நானும் தேறினேன்.

பஷீரின் அம்மாவோ எக்ஸ்ரே என்றதும் எங்கள் நெஞ்சைத்தான் எடுக்கிறார்கள் என்று நினைத்து, ஒரு வாரமாக இருவருக்கும் மிளகு கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். முடிவு வந்த அன்று வாசலுக்கே வந்துவிட்டார்: "ரெண்டு பேரு நெஞ்சும் சுத்தமா இருக்காம்ல? அல்லா காப்பாத்திட்டான்."

நாற்பத்தேழு

கப்பலில் குழாயின் இடப்பக்கம் பஷீர், வலப்பக்கம் நான். பற்றவைத்து முடித்ததும் அவரவர் நம்பரைச் சாக்பீஸால் பக்கத்தில் எழுத வேண்டும். அவன் நாற்பத்தொன்று, நான் நாற்பத்தேழு. சோதிக்க வந்த வெள்ளைக்காரர் ஒன்றை எழுதும்போது தலையில் ஒரு சாய்கோடு இழுப்பார். ஏழுக்கு நடுவே குறுக்கே கோடு போடுவார். கோடில்லாத நம்மூர்ப் பள்ளிக்கூடத்து ஏழு அவர் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். "கோட்டைப் போடு மாப்ள" என்று பஷீர் தினமும் தலையில் அடித்துக்கொள்வான். அவசரத்தில் நான் மறந்துபோவேன்.

ஒருவன் பேரில் மூன்று பழுது வந்தால் ஊருக்கு டிக்கெட். பஷீர் பேரில் ஏற்கெனவே இரண்டு இருந்தன. மூன்றாவது பொத்தல் வலப்பக்கத்தில், என் வேலையில் வந்தது. கோடில்லாத என் ஏழைப் பார்த்து நாற்பத்தொன்று என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். தன் பக்கம் இல்லை என்று பஷீர் போர்மேனிடம் சொன்னான். என் பெயரை மட்டும் சொல்லவில்லை. என் பேரிலும் இரண்டு இருந்தன. நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தேன். போர்மேன் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவன் செய்யலைன்னு சொல்றவன் யாராவது இருந்தா இப்பவே சொல்லுங்கப்பா."

ஊர் வைத்த பெயர்

வேலை முடிந்து நான் திண்டுக்கல் திரும்பியபோது, கடலில் ஓட்டை போட்டவன் என்று ஊரே அவனுக்கு 'ஓட்டை பஷீர்' எனப் பெயர் வைத்திருந்தது. எந்தக் கம்பெனியும் திரும்ப அவனைக் கூப்பிடவில்லை. நத்தம் ரோட்டில் நான் போட்ட பட்டறைக்கே அவனை அழைத்துக்கொண்டேன். அதோடு என் பாவம் கழிந்தது என்று நினைத்தேன்.

ஒருநாள் வீட்டு கேட்டுக்கு அளவு கொடுக்க வந்த ஒருவர், ஓட்டை பஷீரையா வேலைக்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பஷீர் உள்ளே கம்பி அறுத்துக்கொண்டிருந்தான், பேசுவது கேட்கும் தூரம்தான். இல்லைங்க, அவன்தான் எனக்கே சொல்லிக் கொடுத்தவன் என்று ஆரம்பித்தேன். அதோடு நிறுத்தி, அளவு நோட்டைப் பிரித்துக்கொண்டேன். அவரோ என் தோளைத் தட்டினார்: "பெரிய மனசுண்ணே உங்களுக்கு, ஆனா எங்க கேட்டை நீங்களே பத்த வச்சிருங்க."

வால்வு

போன மாதம் போனில் செய்தி பார்த்தோம். அந்த இரண்டு நாட்டுக்கும் சண்டை, வால்வை மூடிவிட்டார்கள். நாங்கள் கண்ணைக் கெடுத்துக்கொண்டு போட்ட குழாய் வெறும் குழாயாகக் கடலடியில் கிடக்கிறது. அழுகை வரும்போல இருந்தது. காட்டிக்கொள்ளாமல், இரும்புத் தகட்டில் இருபத்தேழு அங்குலம் என்று சாக்பீஸால் குறித்தேன்.

பஷீர் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். கோபமாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டான்: "அந்தக் குழாயில இப்ப ஒண்ணுமே போகலையாம் மாப்ள, இன்னும் எதுக்கு ஏழுக்குக் கோடு போட்டுக்கிட்டு இருக்க?"

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தகட்டை அறுக்கக் குனிந்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு சொல்கூடக் கசியாமல் நான் அடைத்து வைத்த ஒரே ஜாயின்ட் என் வாய்தான்.