ஏஞ்சலாவின் தொகுப்புரை

கொட்டகலைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் ஏஞ்சலாவுக்கு வாயாடி என்று பெயர். தண்ணீர்க் குழாயடியில் வரிசை தாண்டிப் போகிறவர்கள், பஸ்ஸில் மீதிச் சில்லறை தராத கண்டக்டர், பிரசங்கம் நடக்கும்போது கதை பேசும் ஆட்கள் என்று யாரையும் அவள் விட்டுவைத்ததில்லை. உயர்தர வகுப்பில் கலைப்பிரிவு படிக்கும்போது பாடசாலை விவாத அணிக்கு அவளையே தலைவியாக்கினார்கள்.

அவளுடைய அப்பா மத்தியாஸ் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரும் அவர்தான். கொழுந்து பறிக்கப் போகும் அம்மா றோசலின், "ஒரு வீட்டுல ரெண்டு தலைவரு, சோறு பொங்கத்தான் ஆளில்ல" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வருடம் இளைஞர் மன்றமொன்று தமிழ்ப் பாடசாலைகளுக்கு விவாதச் சுற்று நடத்தியது. முதல் சுற்று கினிகத்தேனையில். எதிரணிப் பையன்கள் நல்ல குரல்வளம் உள்ளவர்கள். ஏஞ்சலாவின் அணி தட்டுத்தடுமாறித்தான் ஜெயித்தது. வட்டவளையில் நடந்த அரையிறுதியில் இன்னும் மோசம். இரண்டாவதாகப் பேச எழுந்த கிஷாந்துக்குப் பாதியில் எல்லாம் மறந்துவிட்டது. ஒலிவாங்கியைப் பிடித்தபடி வெறுமனே நின்றான். நேரக்காப்பாளர் மணியில் கை வைத்துவிட்டார். ஏஞ்சலா மேசைக்குக் கீழே அவன் சப்பாத்தைக் காலால் தட்டி, அடுத்து வரவேண்டிய சொல்லை உதட்டை மட்டும் அசைத்துக் காட்டினாள். அவன் பிடித்துக்கொண்டான். அன்று நடுவர்கள் அதிகப் புள்ளி கொடுத்தது கிஷாந்தின் பேச்சுக்குத்தான். திரும்பி வரும்போது ரயிலில் அணியினர் நால்வரும் தொண்டை கட்டும்வரை கத்தினார்கள்.

இறுதிப் போட்டி ஹட்டனில் என்று சொன்னார்கள். தலைப்பையும் பக்கத்தையும் ஒரு வாரம் முன்னாடியே சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். தலைப்பு: தோட்டத் தொழிற்சங்கங்களின் தேவை முடிந்துவிட்டது. முடிந்துவிட்டது என்று பேசவேண்டிய பக்கம் ஏஞ்சலாவின் அணிக்கு விழுந்தது.

அணியைப் பயிற்றுவித்த வினோதா டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "வேற யாராச்சும் தலைமை தாங்கட்டுமா? ஒன் வீட்டு நெலம எனக்குத் தெரியும்."

"வேணாம் டீச்சர். பேசுறேன். போட்டிதானே?"

ஆனால் அந்த வாரம் தோட்டமே கொதித்துக்கொண்டிருந்தது. முழுநாள் சம்பளத்துக்குப் பறிக்கவேண்டிய கொழுந்தின் கிலோ அளவை நிர்வாகம் கூட்டப்போகிறது என்று செய்தி. எடை குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மத்தியாஸ்தான் அவர்களைச் சமாதானப்படுத்தினார். "தோட்டத் தொரைகிட்ட பேசிக்கிட்டு இருக்கேன். திங்கக்கெழம வரைக்கும் பொறுங்க."

அன்று மாலை, அடுப்படியில் அப்பா அம்மாவிடம் தணிந்த குரலில் பேசுவதை ஏஞ்சலா கேட்டாள்.

"சரின்னு சொல்லிட்டேன், றோசலின்."

"என்னது?"

"கிலோவக் கூட்ட ஒத்துக்கலன்னா தோட்டத்துக் கீழ் டிவிசன மூடிருவாங்களாம். அத்தன குடும்பமும் எங்க போகும்?"

"அத அவங்ககிட்டயே சொல்ல வேண்டியதுதானே? நானும் அவங்களோடதானே களத்துல ஒக்காந்தேன்?"

திரும்பியபோதுதான் வாசற்படியில் நின்ற ஏஞ்சலாவை அப்பா கண்டார்.

கிஷாந்தும் அதே தோட்டம். அவன் அம்மா சண்முகவடிவு றோசலினோடு ஒரே மலையில் கொழுந்து பறிக்கிறவள். களத்தில் முதலில் கூடையை இறக்கியதும் அவள்தான். மறுநாள் ஒத்திகையில் கிஷாந்த் தன் பேச்சைப் பேசிக் காட்டினான். நடுவில் ஓரிடத்தில், ஒரு தோட்டத்தில் தொழிலாளரைக் கேட்காமலே தலைவர் நிர்வாகத்துக்குத் தலையாட்டிவிட்டார் என்று வந்தது.

"அத எடுத்துரு," என்றாள் ஏஞ்சலா.

"ஏன்?"

"ஆதாரம் இருக்கா?"

"தோட்டம் பூரா அதத்தான் பேசுது. எங்கம்மா பேசுது."

"பேசுறதெல்லாம் ஆதாரமா?"

கிஷாந்த் அவளை நேராகப் பார்த்தான். "நீ அணித் தலைவியாச் சொல்றியா, தலைவர் மகளாச் சொல்றியா?"

யாருக்கும் பதில் சொல்லாமல் விடாத ஏஞ்சலாவுக்கு அன்று வாய் வரவில்லை. அவன் அந்த வரியை எடுக்கவும் இல்லை.

வீட்டில் அப்பா விசாரித்தார். "தலைப்பு கேள்விப்பட்டேன். பேசு, தப்பில்ல. சங்கத்தத் திட்டுறவங்க நெறையப் பேரு இருக்காங்க. கிஷாந்த் என்ன பேசப்போறான்?"

"அணியில பேசுறத வெளிய சொல்லக்கூடாதுப்பா."

"நான் வெளி ஆளா?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். கிஷாந்த் பேசப்போவதை அப்பாவிடம் சொல்ல முடியாது. அப்பா செய்ததைக் கிஷாந்திடம் சொல்ல முடியாது. அந்த வாரம் முழுக்க எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாள்.

சனிக்கிழமை ஹட்டனில் விடாத மழை. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் ஒலிபெருக்கியைக் கூட்டி வைத்திருந்தார்கள். தங்கள் பிள்ளைகள் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார்கள் என்று தோட்டத்திலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். சண்முகவடிவு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மத்தியாஸ் தேய்த்த வெள்ளைச் சட்டையோடு றோசலின் பக்கத்தில் இருந்தார்.

கிஷாந்த் எழுந்தான். வட்டவளையில் தடுமாறியவனா இவன் என்று இருந்தது. அந்த இடம் வந்ததும் குரலைத் தணித்தான். தோட்டத்தின் பெயரையும் சொல்லவில்லை, தலைவரின் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் மெல்லத் திரும்பி ஒரே இடத்தைப் பார்த்தார்கள். மத்தியாஸ் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரணித் தலைவி தனுஜா, ஹட்டன் பாடசாலையொன்றின் மாணவி, சட்டென்று எழுந்தாள். "நடுவர் அவர்களே, இது பெயரில்லாத குற்றச்சாட்டு. அந்தத் தலைவர் தலையாட்டியதை யார் பார்த்தார்கள், யார் கேட்டார்கள்? ஆதாரம் இருந்தால் தரட்டும். இல்லையென்றால் சபையில் வாபஸ் வாங்கட்டும்."

நடுவர் தலையசைத்தார். "முன்மொழியும் அணியின் தலைவி தமது தொகுப்புரையில் இதற்குப் பதில் சொல்லவேண்டும்."

மற்றவர்கள் என்ன பேசினார்கள் என்று ஏஞ்சலாவுக்கு இன்றுவரை ஞாபகமில்லை. அப்பா சொன்னதைக் காதால் கேட்டவள் அவள்தான். ஆதாரம் அவளேதான். "நான் கேட்டேன்" என்று இரண்டு சொல் சொன்னால் கோப்பை அவர்களுடையது. அதோடு அப்பா அந்த ஆட்களோடு ஒரே பஸ்ஸில் திரும்பிப் போகவும் முடியாது.

அவளை அழைத்தார்கள். எழுந்து நின்றாள். கிஷாந்த் நம்பிக்கையோடு அவளைப் பார்த்தான்.

"நடுவர் அவர்களே, எமது இரண்டாம் பேச்சாளர் கூறிய சம்பவத்துக்கு எங்களிடம் ஆதாரம் இல்லை. அதை வாபஸ் பெறுகிறோம்."

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. கிஷாந்த் தலையைக் குனிந்துகொண்டான். ஏஞ்சலா மீதியைப் பேசினாள். நன்றாகவே பேசினாள். ஆனால் தூணை உருவிய பிறகு கூரை நிற்குமா? தனுஜா தன் தொகுப்புரையில் அந்த வாபஸையே பிடித்துக்கொண்டாள். "ஆதாரமில்லாமல் ஓர் அணியே பொய் சொல்லத் துணிந்தது" என்றாள். ஹட்டன் அணி ஜெயித்தது.

பஸ்ஸில் சண்முகவடிவு மகனிடம், "தெரியாதத ஏன்டா மேடையில பேசுன?" என்று கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது. கிஷாந்த் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சிலர் மத்தியாஸிடம் வந்து, "நாங்களும் ஒங்களத் தப்பா நெனச்சுட்டோம், தலைவரே" என்றார்கள். வீடு வந்து சேரும்வரை அவர் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஏஞ்சலா பாடசாலைக்குப் புறப்பட்டுப் பெரட்டுக் களத்தைத் தாண்டும்போது அப்பாவின் குரல் கேட்டது. நின்றாள்.

"நான் ஒங்ககிட்டக் கேக்காமத் தொரைகிட்ட சரின்னு சொல்லிட்டேன். கீழ் டிவிசன மூடிருவாங்கன்னு பயந்துட்டேன். அத ஒங்ககிட்ட வந்து சொல்ல எனக்கு வாய் வரல. எம்புள்ளைக்கு அது தெரியும். சனிக்கெழம அது எனக்காகப் பொய் சொல்லுச்சு. நான் ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தேன். கிஷாந்த் சொன்னதுதான் நெசம். இனி நான் தலைவரா இருக்க மாட்டேன். வேற ஆளப் பாத்துக்கங்க."

யாரோ கூடையைத் தரையில் ஓங்கிப் போட்டார்கள். யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். றோசலின் பெண்கள் நடுவில் தலைமுக்காட்டை இழுத்துவிட்டபடி நின்றாள். சண்முகவடிவு மட்டும் திரும்பிப் பாதையில் நின்ற ஏஞ்சலாவைப் பார்த்தாள். பாடசாலைக்குப் போகாமல் திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். ஆனாலும் போனாள்.

அவள் போய்ச் சேரும் முன்பே செய்தி போய்விட்டது. வகுப்பு வாசலில் கிஷாந்த் நின்றிருந்தான்.

"தெரிஞ்சுக்கிட்டே வாபஸ் வாங்குன."

"ஆமா."

"ஒங்கப்பாவக் காப்பாத்துன. சரி. என்னைய எங்கம்மா முன்னாடி பொய்யனாக்கிட்டியே, அது?"

அவள் மன்னிப்புக் கேட்குமுன் அவன் உள்ளே போய்விட்டான்.

பிறகு அவள் வினோதா டீச்சரிடம் சொல்லி, அணியைக் கூட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அது போதாது என்று அவளுக்கே தெரிந்தது. அன்று மாலை மழையில் நனைந்தபடி கிஷாந்தின் குடும்பம் இருந்த லய வரிசை வீட்டுக்குப் போனாள். அவன் வெளியே வரவில்லை. சண்முகவடிவு வந்தாள்.

"அவன் சொன்னது நெசந்தான் அக்கா. பொய் சொன்னது நான்," என்றாள் ஏஞ்சலா. பக்கத்துக் காம்பரா வீடுகளிலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னாள்.

சண்முகவடிவு அவளை மேலும் கீழும் பார்த்தாள். "உள்ள வா, நனையாத. தேத்தண்ணி ஊத்தித் தாரேன். அவன் ஒங்கிட்டப் பேசுவானா மாட்டானான்னு மட்டும் எங்கிட்டக் கேக்காத."

பெண்கள் அடுத்த சங்கத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது சண்முகவடிவைத்தான். பேச்சுவார்த்தை பல மாதம் இழுத்தது. கடைசியில் கிலோ அளவு கூடியது, ஆனால் நிர்வாகம் கேட்ட அளவுக்கு இல்லை. கீழ் டிவிசன் இன்னும் நடக்கிறது. எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. மத்தியாஸ் தொழிற்சாலை வேலையோடு இருக்கிறார். பாதையில் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள்.

அடுத்த வருடம் தலைமை வேண்டாம் என்று ஏஞ்சலாவே டீச்சரிடம் சொல்லிவிட்டாள். கிஷாந்த் தலைவனானான். யாரும் எதிர்பாராதபடி மூன்றாம் பேச்சாளர் இடத்தில் அவளுடைய பெயரைக் கொடுத்தான். ஏன் என்று அவளும் கேட்கவில்லை. முதல் சுற்று கொட்டகலையில் நடந்தது. மேடையேறும் முன் அவன் அவள் பக்கம் திரும்பினான். அந்த வருடம் அவளிடம் அவன் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"மணி அடிச்சா முடிச்சிரு. இழுக்காத."

"சரி," என்றாள் ஏஞ்சலா.