விருத்தாசலம் கட்டிய பன்னிரண்டு காயில்கள்

மூன்றாவது முறையாக அந்தப் படகு எஞ்சின் திண்டிவனத்துக்கு வந்தபோது கிருஷ்ணவேணியும் கூட வந்திருந்தாள். மரக்காணம் ரோட்டில் விருத்தாசலத்தின் பட்டறை வாசலில் குட்டியானை வண்டி வந்து நின்றது. அவள் புருஷன் பாண்டுரங்கனும் டிரைவருமாக எஞ்சினைத் தூக்கி இறக்கினார்கள். போன இரண்டு தடவையும் வண்டி நிற்பதற்குள் பேச ஆரம்பித்துவிட்ட பாண்டுரங்கன் இன்று வாயைத் திறக்கவில்லை. உதடு வெடித்திருந்தது. மூக்கிலும் நெற்றியிலும் தோல் உரிந்து கிடந்தது.

"என்னாப்பா, மறுபடியுமா?" என்றார் விருத்தாசலம்.

"மறுபடியும்தான்" என்று கிருஷ்ணவேணி பதில் சொன்னாள். "நடுக்கடல்ல ஒரு ராத்திரி, ஒரு பகலு. எஞ்சினும் இல்ல, வயர்லெஸ்ஸும் இல்ல. பாண்டிச்சேரி போட்டுக்காரங்க கண்ணுல பட்டு, கயிறு கட்டி இழுத்தாந்தாங்க. இல்லன்னா இன்னிக்கு நான் வேற மாதிரி வந்து நின்னுக்கினு இருப்பேன்."

திண்டிவனம் மார்க்கெட்டில் அவள் மீன் விற்கிறாள். அங்கே அவள் போடும் சத்தம் ரோட்டுக்கு அந்தாண்டை வரை கேட்கும். இன்று அவள் சத்தமே போடவில்லை.

எஞ்சினின் வியாதி பழைய வியாதிதான். கரையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். அரைமணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் திணற ஆரம்பிக்கும். அதே நேரத்தில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுவதும் நின்றுவிடும். கொஞ்ச தூரத்தில் எஞ்சின் அணைந்துபோகும். ஒருமணி நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடும். இந்தத் தடவை பாண்டுரங்கனும் கூடப் போன தேவாவும் மாற்றி மாற்றி இழுத்ததில் ஸ்டார்ட்டர் கயிறு அறுந்துவிட்டது. செல்ஃப் போடலாம் என்றால் பேட்டரியில் உயிர் இல்லை. பேட்டரி இல்லாவிட்டால் வயர்லெஸ்ஸும் இல்லை.

முதல் தடவை வந்தபோது விருத்தாசலம் கார்பரேட்டரைக் கழட்டிக் கழுவினார். ஃபில்டரில் தண்ணீர் நின்றிருந்தது, மாற்றினார். பிளக் புதிதாகப் போட்டார். பேட்டரி முனையில் பச்சையாகப் பூத்திருந்த களிம்பைச் சுரண்டி, எர்த் ஒயரையும் மாற்றினார். இரண்டாவது தடவை ரெக்டிஃபையரையே மாற்றினார். எஞ்சினுக்குள் இருக்கிற செம்புக் கம்பிச் சுற்றான காயிலில் இருந்து வரும் கரண்டைப் பேட்டரி ஏற்கிற மாதிரி மாற்றிக் கொடுப்பது அதுதான். இரண்டு தடவையும் வாசலில் நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினை இறக்கிப் பத்து நிமிஷம் ஓட்டிக் காட்டினார். மீட்டர் பதினாலு வோல்ட் காட்டியது. "பாத்துக்கோ. ஜிபிஎஸ்ஸு, லைட்டு, செல்போன் சார்ஜரு எல்லாத்தையும் ஒண்ணா மாட்டிக்கினு ஓட்டுனா பேட்டரி என்னாத்துக்கு ஆவும்? கோளாறு உன் போட்டு ஒயருல" என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

காயிலை மட்டும் அவர் சந்தேகப்படவில்லை. அது அவர் கையால் கட்டியது.

இன்றும் அவர் டிரம்மைப் பார்த்துத் திரும்பியபோது கிருஷ்ணவேணி தடுத்தாள்.

"டிரம்முல ஓடும்ணா. அது எங்களுக்கும் தெரியும். எங்க வூட்டுக்காரு டிரம்முலயா மீன் புடிக்கிறாரு? நீ கடலுக்கு வந்து பாரு."

"நானா? நான் வெள்ளாமக்காரன்மா. எனக்குக் கடலு என்னா தெரியும்?"

"எங்களுக்குக் காயிலு தெரியாது. நாங்க உங்கிட்ட வரல?"

விருத்தாசலம் மீட்டரை எடுத்துப் பையில் போட்டார்.

விருத்தாசலம் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் பிறந்தவர். முக்கால் ஏக்கர் கரும்பும் ஒரு கிணறும் இருந்த குடும்பம். பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, விழுப்புரத்தில் பம்புசெட் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் சேர்ந்தார். ஒன்பது வருஷம் அங்கே. பிறகு திண்டிவனத்தில் சொந்தப் பட்டறை. கருகிப்போன காயிலை உருவி, எத்தனை சுற்று என்று எண்ணி, அதே கனத்தில் செம்புக் கம்பி வாங்கிச் சுற்றி, வார்னிஷில் முக்கி இரண்டு நாள் வெயிலில் காயவைப்பார். முப்பது வருஷத்தில் அவர் கட்டிய மோட்டார் திரும்பி வந்தது அபூர்வம். நாற்று நடுகிற நேரத்தில் மோட்டார் நின்றுவிட்டால் ராத்திரி பகல் பார்க்காமல் உட்கார்ந்து முடித்துக் கொடுப்பார் என்பதால், வானூர் வரைக்கும் அவர் பெயர் ஓடியது.

போட்டு எஞ்சின் அவரிடம் வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். பாண்டுரங்கன் இரண்டாம் கையாக வாங்கிய பழைய எஞ்சின். மேலே சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்துக்கு அடியில் இருக்கிற காயில் கருகிவிட்டது. அந்த மாடலுக்குப் புதுக் காயில் சென்னையிலும் கிடைக்கவில்லை. மீன் விற்க வந்த கிருஷ்ணவேணி விசாரித்து விசாரித்து இவரிடம் கொண்டுவந்து கொடுத்தாள். பிளக்குக்குப் பொறி கொடுக்கிற மெல்லிய சுற்றும், பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கிற தடித்த சுற்றும் ஒரே தட்டில் இருந்தன. இரண்டையும் எண்ணிக் கட்டினார். ஓடியது. அதைக் கேட்டுப் பாண்டுரங்கனின் குப்பத்திலிருந்தும் பக்கத்துக் குப்பங்களிலிருந்தும் ஒவ்வொருவராக வந்தார்கள். கடலோரத்தில் அவர் காயில் போட்ட எஞ்சின் இப்போது பன்னிரண்டு. அதைச் சொல்லும்போது அவர் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருவார்.

அன்றைக்கே எஞ்சினுக்குப் புதுக் கயிறு போட்டு, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார். மறுநாள் காலை ஏழு மணிக்குக் குப்பத்துக் கரையில், வேட்டியை மடித்துக் கட்டி, மீட்டர் பையை மார்போடு அணைத்தபடி விருத்தாசலம் போட்டில் ஏறினார். ஏறினார் என்பதைவிட ஏற்றப்பட்டார் என்பதே சரி. அலையைத் தாண்டுகிறவரை கண்ணைத் திறக்கவில்லை.

"மேஸ்திரி, வாந்தி வந்தா காத்து போற பக்கமா திரும்பி எடு" என்றான் தேவா. "எதிர்க்க எடுத்தா எங்க மூஞ்சிக்குத்தான் வரும்."

"வாய மூட்றா. அவரே பயந்து கெடக்குறாரு" என்றான் பாண்டுரங்கன்.

கரை ஒரு கோடாகிற வரை எஞ்சின் நன்றாகவே ஓடியது. மேல்மூடியைக் கழட்டி வைத்துவிட்டு, பேட்டரி முனைகளில் மீட்டரை மாட்டிக்கொண்டு அவர் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினாலு. வாந்தி எடுத்தார். பதினாலு. இருபதாவது நிமிஷம் பதிமூணரை. பிறகு பதிமூணு. எஞ்சின் சத்தத்தில் சின்னதாக ஒரு விக்கல். பன்னிரண்டே முக்கால். தேவா பெட்ரோலை எஞ்சினுக்கு ஏற்றும் ரப்பர் பந்தைப் பிடித்து அமுக்கினான். அமுக்கியும் விக்கல் நிற்கவில்லை. அப்போதுதான் அவருக்கு அந்த வாசனை வந்தது. உப்புக் காற்றையும் பெட்ரோல் புகையையும் தாண்டி வந்தது. பட்டறையில் வார்னிஷில் இருந்து அப்போதுதான் எடுத்த காயிலின் வாசனை. இரண்டு வருஷத்துக்கு முன் காய்ந்திருக்க வேண்டிய வார்னிஷ் இன்று இளகிக்கொண்டிருந்தது.

எஞ்சின் நின்றது.

"இழுக்கவா?" என்றான் பாண்டுரங்கன்.

"தொடாத. அப்படியே வுடு."

காயிலில் இருந்து வரும் ஒயரின் இணைப்பைப் பிரித்து, மெல்லிய சுற்றின் இரண்டு முனைகளில் மீட்டரை வைத்தார். பட்டறையில் அது தொள்ளாயிரம் ஓம் தடை காட்டும். இப்போது முந்நூற்றுப் பத்து. சூட்டில் கம்பியின் மேல்பூச்சு தோற்று, சுற்றும் சுற்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. தடித்த சுற்றும் அதே தட்டில், அதே சூட்டில்தான் இருக்கிறது. மீட்டரை எடுக்காமல் காத்திருந்தார். போட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. மூன்று பேரும் குனிந்து அந்தச் சின்னக் கண்ணாடியையே பார்த்தார்கள். முந்நூற்று அறுபது. நானூற்று ஐம்பது. எஞ்சின் ஆற ஆற எண் ஏறியது. முக்கால் மணி நேரத்தில் எண்ணூற்று எண்பது.

"சரியாயிடுச்சே" என்றான் தேவா.

சரியாகவில்லை என்பது விருத்தாசலத்துக்குத் தெரியும். பம்புசெட் மோட்டாருக்கு வாங்குகிற அதே கம்பி, அதே வார்னிஷ், அதே வெயில். கிணற்றுத் தண்ணீரில் குளிர்ந்துகொண்டே ஓடி, கரண்ட் போகும்போதெல்லாம் ஓய்வெடுக்கிற மோட்டாருக்கு அது போதும். ஃப்ளைவீலுக்கு அடியில், கொதிக்கிற எஞ்சின் தலைமேல் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிற காயிலுக்குச் சூடு தாங்குகிற வேறு கம்பி வேண்டும். அதைச் சூளை மாதிரி அடுப்பில் வைத்துச் சுட வேண்டும். அவர் கையில் பிழை இல்லை, சுற்று ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் இத்தனை நாளாக நிலத்துக்குக் கட்டியதைத்தான் கடலுக்கும் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

காயிலை மாற்றித் தருகிறேன் என்று மட்டும் சொன்னால் போதும். இந்த இரண்டு பேருக்கும் அதற்குமேல் எதுவும் தெரியப்போவதில்லை. மற்ற பதினொன்றும் ஒவ்வொன்றாகப் பட்டறைக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம். பம்புசெட் நின்றால் ஒரு மடை காயும், குடியானவன் நாலு வார்த்தை திட்டுவான். இங்கே நின்றால் அது பட்டறைக்கு வரும் என்பது என்ன நிச்சயம்? பாண்டுரங்கனின் வெடித்த உதட்டைப் பார்த்தார்.

"கோளாறு உன் ஒயருல இல்ல பாண்டு. என் காயிலுல. ரெண்டு தடவ உன்மேல பழி போட்டு அனுப்புனேன்."

பாண்டுரங்கன் தேவாவைக் காட்டினான். "ராத்திரி பூரா இவனத் திட்டிக்கினு இருந்தேன்ணா. பெட்ரோல்ல தண்ணி வுட்டுட்டான்னு."

"என்னைய மட்டுமா?" என்றான் தேவா. "எங்கம்மாவையும் சேர்த்துத்தான்."

"இது மாதிரி எத்தினி கட்டியிருக்கண்ணா?" என்று பாண்டுரங்கன் கேட்டான்.

"பன்னண்டு."

அவன் எழுந்து கயிற்றைப் பிடித்தான். "பாதி வேகத்துல போனா சூடு ஏறாதில்ல? வா, கரைக்குப் போவலாம்."

கரையேறியதும் விருத்தாசலம் நேராகக் குப்பத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனார். ஊர்க்கூட்டம், புயல் எச்சரிக்கை எல்லாவற்றையும் அங்கிருக்கிற ஸ்பீக்கரில்தான் சொல்வார்கள். விஷயத்தைக் கேட்ட பஞ்சாயத்துத் தலைவர் தயங்கினார். "சர்வீஸுக்கு எடுத்தாரச் சொல்லி பொதுவா சொல்லிடறேனே. உம்ம பேரு எதுக்கு?"

"பேரு சொன்னாத்தான் எந்த எஞ்சினுன்னு தெரியும். மைக்கக் குடுங்க, நானே சொல்றேன்."

மைக்கை வாங்கி வாயருகே பிடித்துக்கொண்டார்.

"நான் திண்டிவனம் காயில் கட்டுற விருத்தாசலம் பேசறேன். நான் கட்டுன காயிலு சூட்டுல நின்னுபோவுது. என் காயிலு போட்ட எஞ்சின யாரும் கடலுக்கு எடுத்துக்கினு போவாதீங்க. தப்பு என்னுது."

பக்கத்துக் குப்பங்களில் இருந்த ஐந்து பேருக்கும் போனில் சொல்லிவிட்டார். இந்தக் குப்பத்தில் மீதி ஆறு. ஐந்து எஞ்சின் சொந்தக்காரர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் கெட்ட வார்த்தையில் திட்டினான். "கவல மீனு படுற நேரத்துல எஞ்சின கழட்டச் சொன்னா எங்க வயித்துக்கு என்னா வழி?" என்றான் இன்னொருவன். எல்லாவற்றையும் நின்று கேட்டார். ஆறாவது எஞ்சின் ராஜாமணியுடையது. அவர் காலையிலேயே கடலுக்குப் போய்விட்டார். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் வரவில்லை.

அதன்பிறகு விருத்தாசலம் கரையை விட்டு நகரவில்லை. கிருஷ்ணவேணி ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டு முழம் தள்ளி மணலில் உட்கார்ந்தாள். அவளும் கடலைத்தான் பார்த்தாள்.

"போன வாரம் நான் இப்பிடித்தான் குந்திக்கினு இருந்தேன்" என்றாள். குத்திக்காட்டுகிற குரலில் இல்லை.

மோரை அவர் தொடவில்லை.

இரண்டரை மணிக்கு மேல் வடகிழக்கில் ஒரு புள்ளி தெரிந்தது. அவள்தான் முதலில் எழுந்தாள். போட்டு நிறைய மீனோடு, பாட்டுப் பாடுகிற மாதிரி ஓடி வந்து மணலில் ஏறியது. விருத்தாசலம் முழங்கால் தண்ணீருக்குள் ஓடியே போனார். விஷயத்தைக் கேட்ட ராஜாமணி முறைத்தார்.

"இன்னா பேஜாரு இது? வயர்லெஸ்ஸ நான்தான் நிறுத்தி வெச்சிருந்தேன். ஓடுற எஞ்சின எதுக்குக் கழட்டணும்? பாத்தீரு இல்ல, எப்பிடி வந்தேன்னு?"

"சூடு ஆறதுக்குள்ள ஒரே ஒரு தடவ மீட்டர் வெச்சிக்கிறேன். அப்புறம் உங்க இஷ்டம்."

ராஜாமணி பதில் சொல்வதற்குள் அவர் மூடியைக் கழட்டிவிட்டார். இணைப்பைப் பிரித்து முனைகளை வைத்து, மீட்டரை ராஜாமணியின் பக்கம் திருப்பிக் காட்டினார். அறுநூற்று நாற்பது.

"எவ்ளோ இருக்கணும்?"

"தொள்ளாயிரம். பாண்டுவோடது முந்நூறுக்கு வந்தப்பதான் நின்னுது."

ராஜாமணி எண்ணைப் பார்த்தார். பக்கத்தில் வந்து நின்ற பாண்டுரங்கனின் தோல் உரிந்த முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, எஞ்சினைப் போட்டின் பின்பலகையோடு பிடித்திருந்த திருகுகளைத் தானே தளர்த்த ஆரம்பித்தார்.

"அந்தாண்ட புடிங்க மேஸ்திரி" என்றார். விருத்தாசலம் பிடித்தார்.