மீனாட்சியின் பச்சை முகம்

தல்லாகுளத்துப் பார்லரில் அந்தப் பெண் என் முகத்தில் வேப்பிலை பேக் பூசியதும், அந்தக் கசப்பு வாசனையில் நான் மூன்றாம் வகுப்புக்கே போய்விட்டேன்.

பள்ளி நாடகத்தில் நான்தான் மீனாட்சி. மீனாட்சி என்றால் பச்சை நிறம் அல்லவா? அதனால் முந்தைய நாள், யாருக்கும் தெரியாமல் மருதாணி இலையை அரைத்து முகம் முழுக்க அப்பிக்கொண்டேன். கழுவிப் பார்த்தால் கன்னமெல்லாம் செக்கச் செவேல். வேஷம் வேறொருத்திக்குப் போய்விடுமே என்ற பயத்தில் பீர்க்கங்கூட்டை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினேன்.

அப்பாவின் தங்கை, ராணி அத்தை, ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"தேய்க்காதடி. தோலுதான் போகும், சாயம் போகாது."

தயிரைத் தொட்டுத் தொட்டு வைத்து எரிச்சலை ஆற்றினாள். மறுநாள் மேடைக்குப் பின்னால் வேப்பிலை விழுதில் பயத்தமாவைக் குழைத்து, அந்தச் சிவப்பு தெரியாதபடி மெதுவாகப் பூசினாள்.

"சிரிச்சுராத, காஞ்சதும் வெடிச்சிரும்."

"மீனாட்சி சிரிக்க மாட்டாளா அத்த?"

"போருக்குப் போறவளுக்கு எதுக்குடி சிரிப்பு?"

நாடகம் முடியும்வரை நான் சிரிக்கவே இல்லை. என்ன கம்பீரம் என்று டீச்சர் வியந்தார். மேடையிலிருந்து இறங்கி, அத்தையின் பச்சை விரல்களைப் பார்த்த பிறகுதான் சிரித்தேன். மாவு பொலபொலவென்று உதிர்ந்தது.

"அக்கா, சிரிக்காதீங்க, பேக் வெடிக்குது" என்கிறாள் பார்லர் பெண்.

"திரும்பப் பூசிரும்மா. எங்க அத்த நெனப்பு வந்துருச்சு."