பானட்டில் ஏறிய அங்கம்மா

மலேசியாவின் தெப்ராவில் எங்கள் பக்கத்து வீட்டு யோகேஸ்வரி வாயைத் திறந்தால் ஒன்று கேக்கைப் பற்றிப் பேசுவாள், இல்லையென்றால் தன் குட்டிக் காரைப் பற்றி. அறுநூற்றறுபது சிசி. ஏர்கான் போட்டால் மேட்டில் மூச்சு வாங்கும். ஆனாலும் பத்து வருடமாக ஜொகூர் முழுக்கக் கல்யாணக் கேக் சுமந்த வண்டி. அதை யாராவது குறை சொன்னால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

குறை சொல்வது அவள் கணவர் மகேஸ்வரன்தான். சிங்கப்பூரில் கார் பட்டறையில் வேலை. "டிராக்‌ஷன் கண்ட்ரோல் உள்ள காரா வாங்கு யோகா. சக்கரம் வழுக்குனா அதுவே அடக்கிப் புடிக்கும்" என்பார்.

"இதுக்கு இருக்கிற தெம்புக்குச் சக்கரம் எங்கங்க வழுக்கும்? சைக்கிளுக்கு யாராச்சும் அதெல்லாம் பூட்டுவாங்களா?" என்பாள் இவள்.

போன மாதம் பேச்சு முற்றி, என் முன்னாலேயே சபதம் போட்டாள்: "என்னிக்காச்சும் என் கேக்கு போய்ச் சேரலைன்னா, மறுநாளே இந்தக் கார வித்துடுறேன்!"

அடுத்த சனிக்கிழமையே பெக்கோக்கில், தோட்டத்துக் கோயிலில் ஒரு கல்யாணம். மூன்றடுக்கு கேக்கைப் பிடித்தபடி நான் பின்சீட்டில். கல்யாண வீட்டுக்கு உதவியாக இருக்கட்டுமென்று பின்னால் டிக்கியில் எட்டுப் பெட்டி தண்ணீர் பாட்டில் வேறு.

வழியெல்லாம் மழை. கோயில் மேளம் காதில் விழுகிற தூரத்தில் ஒரு செம்மண் ஏற்றம். கார் ஏறவில்லை. முன்சக்கரம் இரண்டும் கிர்ரென்று சுற்றிச் சேற்றை வாரி இறைத்தன.

"சுத்துது யோகா!"

"வாய மூடு லோஷினி!" என்றவளுக்கு அழுகை முட்டிவிட்டது. எனக்கோ சிரிப்பு. கேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் குடையோடு இறங்கி வந்தார் அங்கம்மா, கல்யாணப் பெண்ணின் அத்தை. பட்டுச்சேலை, நூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு. காரைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"அலமாக்! பாரத்தையெல்லாம் பின்னால ஏத்திட்டு வந்தா முன்சக்கரம் எப்படிம்மா மண்ணப் புடிக்கும்? இருபது வருசம் எஸ்டேட் லாரி ஓட்டுனவ நான்."

நாங்கள் தடுப்பதற்குள் பானட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். காரின் மூக்கு ஒரு சாண் இறங்கியது. யோகேஸ்வரிக்கு முன்கண்ணாடி முழுக்கப் பட்டுச்சேலை.

"ஒண்ணும் தெரியலையே ஆண்ட்டி!"

"நான் சொல்றேன், மெதுவா விடு லா! கிரி... கிரி... போதும், இப்ப கானான்!" இடதும் வலதும் மலாயில் கத்த, கார் முனகிக்கொண்டே ஏறியது. மேட்டைத் தொட்ட நொடியில் உள்ளே கெட்டிமேளம் கொட்டினார்கள். "ஐயையோ, தாலி!" என்று குதித்து ஓடினார் அங்கம்மா. நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கேக்கில் ஒரு கீறல் இல்லை.

சாப்பிடும்போது மகேஸ்வரன் போன் செய்தார். யோகேஸ்வரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மழையாமே, சக்கரம் வழுக்குச்சா?"

பொய் அவளுக்கு வராது. "வழுக்குச்சுங்க. அப்புறம் டிராக்‌ஷன் கண்ட்ரோல் போட்டேன், ஏறிருச்சு. கேக்கு பத்திரம்."

"அந்தக் கார்ல அது ஏது?"

எதிரில் அங்கம்மா இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தார். "இந்தா, பாயசம் குடிச்சிட்டு இருக்கு" என்று நடந்ததைச் சொன்னாள்.

அந்தப் பக்கம் வெகுநேரம் சிரிப்பு மட்டும் கேட்டது. பிறகு மகேஸ்வரன் சொன்னார்: "சரி, கார விக்க வேணாம். வரும்போது அவங்களையும் கூட்டிட்டு வந்துரு."