மண்டபக் கூரையில் நானும் புளிசாதமும்

அலைதான் மறுபடியும் வந்துவிட்டது என்று சத்தியமாக நம்பினேன்.

சுனாமிக்கு அடுத்த கோடையில், மரக்காணம் உப்பளத்தை ஒட்டி நிற்கும் சோழர் காலத்துக் கல் மண்டபத்தைப் பார்க்கப் போயிருந்தோம். என் மனைவி வசந்தாவின் தம்பியை அந்த அலை கொண்டுபோயிருந்தது. அதற்குப் பிறகு அவள் வீட்டைவிட்டு வெளியே வந்தது அன்றுதான். எப்படியாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று, எங்கள் சின்ன மகளோடு கூட்டி வந்திருந்தேன்.

“ராஜா கட்டினது ஆயிரம் வருஷமா ஒழுகல. நம்ம மேஸ்திரி கட்டினது ஒரு மழைக்கே ஒழுகுது,” என்றேன். அவள் தூணில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருந்தாள்.

திடீரென்று கடல் பக்கமிருந்து உப்பளத்து ஜனம் மொத்தமும் ஓடி வந்தது. மாடிப்படிக்கே மூச்சு வாங்குகிற நான், சரிந்து கிடந்த கற்களில் தாவி மண்டபத்தின் கூரைக்கே ஏறிவிட்டேன். ஒரு கையில் மகள், மறு கையில் புளிசாதத் தூக்கு. எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது.

“வசந்தா, ஏறி வாடி, தண்ணி வருது!”

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அப்பா, அவங்க உப்பை மூடுறாங்கப்பா,” என்றாள் மகள்.

ரோட்டோரம் குவித்திருந்த உப்பின்மேல் அவசர அவசரமாகக் கீற்றைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் வழுக்கையில் முதல் துளி விழுந்தது.

அசடு வழிய இறங்கி வந்தேன். “மழைக்குத்தான் ஓடினாங்க. உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

“நானும் அலைன்னுதாங்க நெனச்சேன்,” என்றாள்.

வந்தது கோடை மழை. அலை என்று நினைத்தும் அவள் எழுந்திருக்கவில்லை.