முதலில் அடையாள அட்டை, பிறகு கோழி

1. ஜன்னல் வழியே ஒரு பார்சல்

கல்முனையில் எங்கள் எல்லோருக்கும் அக்காவான ருக்கையா ராத்தா நடத்தும் சமையல் சேவையில் பொருள் வாங்கும் பொறுப்பில் நான் சேர்ந்தது ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து வந்த முதல் திங்கட்கிழமை. அன்றைக்கே ஏச்சு வாங்கினேன்.

அன்று ஒரு வலீமா, கல்யாண விருந்து. பகல் சாப்பாடு முடிந்ததும் வெற்றுக் கோழிக் கூடைகளை எடுத்துப்போகப் பண்ணை லொறி வந்தது. ஊருக்கே அண்ணனான பண்ணைக்காரர் சலீம் காக்கா லொறியை நிறுத்திவிட்டுப் பள்ளிக்குத் தொழப் போனார். கூடை ஏற்ற வந்தவர் சந்திரன் என்ற மலையகத் தொழிலாளி. அவருக்குச் சோற்றைப் பார்சல் கட்டி லொறி ஜன்னலுக்குள் நீட்டினேன். பின்னாலிருந்து ராத்தாவின் குரல் வந்தது.

“என்ன தம்பி, பஸ்ஸுக்க கச்சான் கடலை விக்கிற மாதிரி நீட்டுறீங்க? ஆள இறக்கி சகன்ல வைங்க!”

சகன் என்பது ஒரு பெரிய தட்டைச் சுற்றிப் பலர் இருந்து உண்பது. விருந்தினருக்கு மட்டுமல்ல, எங்கள் சமையற்கட்டு ஆட்களுக்கும் அப்படித்தான். பொருள் கொண்டுவரும் எவரும் அதில் வந்து இருக்க வேண்டும் என்பது ராத்தாவின் கண்டிப்பு. மரியாதைக்காக என்றே முதலில் எண்ணினேன். பெரிய நிறுவனங்கள் தமக்குப் பொருள் தருபவர்களிடம் நவீன அடிமைத்தனம் உண்டா என்று கேட்டுக் கேள்விக்கொத்து அனுப்புவதாகப் பின்னாளில் படித்தேன். அதை நிரப்பிக் கொடுப்பது முதலாளிதான். ராத்தா தொழிலாளிக்குச் சோறு வைத்துக் கேட்டார்.

2. சகனில் கேட்டது

அன்று சந்திரனுக்குப் பக்கத்தில் இருந்தவர் எங்கள் தலைமைச் சமையற்காரர் மஜீத் காக்கா.

“ஊருக்குப் போய் எத்தின நாள் தம்பி?”

“வந்ததிலருந்து போகலீங்க. எங்க எல்லார் அடையாள அட்டையும் மொதலாளிகிட்ட இருக்கு.”

“அத வெச்சி அவரு என்ன செய்ற? கோழிக்குக் காட்டுறாரா?”

எல்லோரும் சிரித்தார்கள். சந்திரன் சிரிக்கவில்லை. மனைவிக்கு இது பிள்ளை பெறும் மாதம் என்றார். கார்டு கேட்டால், போனவன் திரும்ப மாட்டான் என்கிறார் முதலாளி. இரவில் கேட்டையும் பூட்டிவிடுகிறார். அட்டை இல்லாமல் புறப்பட்டு வழியில் பொலிஸ் மறித்தால் என்ன சொல்வது என்ற பயம் வேறு.

நான் ராத்தாவிடம் போய், “நாளையிலிருந்து அவரிட்ட கோழி எடுக்க வேணாம்” என்றேன்.

“நாம நிப்பாட்டினா அவரு வேற ஆளுக்குக் குடுப்பாரு. இவன் உள்ளுக்கதான் கிடப்பான். முதல்ல கார்டு. கோழியப் பத்திப் பொறகு கதைப்பம்” என்றார்.

ஆனால் அவர் உடனே சலீம் காக்காவிடம் போகவில்லை. முதலில் சந்திரனைக் கேட்டார்.

“நான் கதைக்கவா தம்பி? உனக்குக் கரைச்சல் வருமா?”

“கதைங்கம்மா. ஆனா நானும் பக்கத்துல இருக்கேன்.”

“சரி. கரைச்சல் வந்தா எங்கட வீட்டுக்கு வா. லேபர் ஒபிசுக்கு நான் கூட்டிப் போறன்.”

3. வெளிநாட்டில் பழகிய வழக்கம்

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ராத்தாவும் நானும் ஆட்டோவில் பண்ணைக்குப் போனோம். சலீம் காக்கா நாற்காலி இழுத்துப் போட்டார். சந்திரனும் பக்கத்தில் வந்து நின்றார்.

“என்ன தங்கச்சி, கோழி மெலிஞ்சு போச்சா?”

“கோழிக்கு ஒரு கொறையுமில்ல காக்கா. சந்திரன்ட ஐடென்டிகார்டு உங்களுக்கிட்டயா இரிக்கி?”

“ஓம். லாச்சியில பத்திரமா வெச்சிரிக்கன். குடுத்தா அடுத்த பஸ்ஸுல ஏறிடுவான்.”

“ஏறினா ஏறட்டும்.”

அவர் சிரித்தார். “நான் வெளிநாட்டுல இருந்தப்ப என்ட அரபி முதலாளி, அந்தக் கபீல், பாஸ்போட்ட வாங்கித்தான் வெச்சிருந்தான். நம்மட ஊருல ஆருக்கு அப்பிடி நடக்கல்ல? அதால நான் என்ன மௌத்தாப் போயிட்டனா?”

அதில் கள்ளம் இல்லை என்பதுதான் எனக்கு அச்சமூட்டியது. இந்தக் கரையில் வெளிநாடு போகாத வீடு குறைவு. பாஸ்போர்ட்டை முதலாளி வைத்திருப்பதும் தொழிலில் ஒரு பகுதி என்று நம்மவர் பலர் பழகிவிட்டோம். அங்கே பட்டதையே இங்கே முதலாளியானதும் செய்கிறோம்.

ராத்தா குரலை உயர்த்தவில்லை.

“உங்கட வாப்பா கண்ண மூடி மௌத்தானப்ப மூணாம் நாள் கத்தம் சாப்பாடு நான்தான் ஆக்கினன் காக்கா. வந்த ஆக்கள் எல்லாம் மூத்த மகன் எங்க என்டு கேட்டாங்க. பாஸ்போட் குடுக்கல்லயாம் என்டு உம்மா ஒவ்வொருத்தருக்கும் சொல்லிக்கிட்டே இருந்தா.”

சலீம் காக்கா தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

“உம்மா அப்பிடியா சொன்னா?”

“ஓம்.”

எழுந்துபோய் மேசை லாச்சியைத் திறந்தார். அட்டையை எடுத்து ராத்தாவிடம் நீட்டினார். ராத்தா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“என்ட கைக்கு எதுக்கு? அவண்ட கார்டு அவண்ட கைக்கு. மத்த ஆக்கள்ட கார்டும் அப்பிடித்தான். ராவைக்குப் பூட்டுற கேட்டுத் திறப்புச் சாவியும் அவங்களுக்கிட்ட இரிக்கட்டும்.”

சந்திரன் அட்டையை வாங்கி இரு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு ராத்தாவிடம், “நாளைக்குக் காலைல போகலாமாங்க?” என்றார்.

“அத ஏன் என்னட்ட கேக்கிறாய்? காக்காக்கிட்டச் சொல்லிட்டுப் போனாக் காணும்.”

செவ்வாய் காலை அவர் பதுளை பஸ்ஸில் ஏறினார். வெள்ளிக்கிழமை விருந்துக்குக் கோழிக் கூடைகளைச் சலீம் காக்காவே தூக்கிவந்தார். சட்டை வேர்வையில் ஊறியிருந்தது.

“தங்கச்சி, அவன் வருவானா?”

“தெரியா காக்கா.”

“இப்பிடி ஒவ்வொருத்தனாப் போனா நான் எப்பிடிப் பண்ணைய நடத்திற?”

“அவனுக்குத் திரும்பி வர மனம் வாற மாதிரி நடத்துங்க.”

இந்தத் தொழிலில் நான் கற்ற பாடம் அந்த ஒரு வசனம்தான். அரிசி ஆலையோ, கடற்கரை மீன் வாடியோ, விறகு விற்கும் காலையோ, எங்கே போனாலும் விலை பேசுமுன் வேலையாட்களிடம் ஊருக்குப் போய்வந்த கதையைக் கேட்கிறேன். போக முடிந்தும் நிற்பவர்கள் தந்த பொருளை மட்டுமே ராத்தாவின் அடுப்புக்குக் கொண்டுவருகிறேன்.