பேய்க்கணவாயும் மூன்று டிகிரித் தண்ணீரும்

போன ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆரில் புதிதாகத் திறந்திருக்கும் ஹோட்டலில் என் மகன் பேபி ஆக்டோபஸ் பெப்பர் ஃப்ரை ஆர்டர் செய்தான். தட்டு வந்ததும் நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். "டேய், இது நம்ம பேய்க்கணவாய்டா!" பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே. மிளகும் சின்ன வெங்காயமும் வதங்கிய அந்த மணம் என்னை நேராக மரக்காணம் உப்பளத்து இன்ஜின் ஷெட்டுக்குக் கொண்டுபோய் விட்டது.

அங்கேதான் என் முதல் வேலை. ஒரு கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, பாத்தி பாத்தியாக உப்பின் அளவைப் பார்க்க வேண்டும். கழிமுகத்துத் தண்ணீர் மூன்று டிகிரி. காய்ந்து காய்ந்து இருபத்தைந்துக்குப் போனால் உப்பு பூக்கும். நாக்கில் வைத்தே டிகிரி சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்த வயது. குழாயைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டால் பெரிய டாக்டர் என்று நினைப்பு.

சலீம் அங்கே பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினை ஓட்டினான். பஹ்ரைனில் நாலு வருஷம் ஹோட்டல் சமையற்கட்டில் இருந்துவிட்டு வந்தவன். வந்து இறங்கிய அன்று அவன் மகள் அவனை "மாமா" என்று கூப்பிட்டிருக்கிறாள். அதோடு முடிவு செய்துவிட்டான், இனி திரும்பிப் போவதில்லை என்று. ரோட்டோரம் ஒரு சாப்பாட்டுக் கடை போடுவதுதான் திட்டம். புதுச்சேரி போகிற கார்களை நிறுத்த, எவனும் போடாத ஒரு அயிட்டம். நம் கடற்கரையில் பேய்க்கணவாயைத் தூண்டில் இரைக்கு வெட்டிப் போடுவார்கள், அவ்வளவுதான் அதற்கு மரியாதை. "அங்க இதுக்குக் கியூல நிக்கிறாங்கடா. இது ஓடிச்சின்னா பாஸ்போர்ட்டப் பொட்டில வச்சுப் பூட்டிடுவேன்."

வெள்ளிக்கிழமை கடை திறப்பு. புதன்கிழமையே வலைக்காரர் ஒருவர் உயிரோடு ஏழு கொடுத்தார், எல்லாம் உள்ளங்கை அளவு. ஷெட் தொட்டியில் கழிமுகத்துத் தண்ணீர் நிரப்பி விட்டோம். உடைந்த ஓட்டுக்கு அடியில் ஒன்று, கொட்டாங்கச்சிக்குள் ஒன்று என்று உடனே வீடு பிடித்துக்கொண்டன. நண்டைப் போட்டால் ஒரே ஒரு கை வெளியே வந்து இழுத்துக்கொள்ளும். மூன்று இதயம், நீல ரத்தம் என்பதெல்லாம் நான் பிற்பாடு படித்தது. உடம்பில் கெட்டியானது கிளிமூக்கு மாதிரியான வாய் மட்டும்தான். அது நுழைகிற சந்தில் மொத்த உடம்பும் நுழைந்துவிடும்!

வியாழக்கிழமை மத்தியானம் தொட்டியில் தண்ணீர் குறைந்திருந்தது. சலீம் டீசல் வாங்கப் போயிருந்தான். கழிமுகம் தூரம், வெயிலோ மண்டையைப் பிளந்தது. கடல் பிராணிக்கு உப்பு கூடினால் நல்லதுதானே என்று பக்கத்துப் பாத்தியிலிருந்து நாலு குடம் மொண்டு ஊற்றினேன். பதினெட்டு டிகிரித் தண்ணீர். குழாய் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

டீ குடித்துவிட்டு வந்தால் தொட்டி காலி. ஏழும் சுவரேறிக் குதித்து உப்புக் குவியலுக்குப் போய்விட்டன. வெள்ளை உப்பில் ஏறியதும் அவையும் வெளுத்துவிட்டனவே, எங்கே என்று தேடுவது! "ஐயோ, உப்பு நடக்குதுடா!" என்று உப்பு வாருகிற பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நான் நாலு காலில் தவழ்ந்து ஏழையும் பிடித்து முடிக்கையில் சலீம் வந்து நின்றான். அவன் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"தண்ணி டிகிரி பாத்தியா?"

சட்டைப் பையிலிருந்த குழாயைக் கையால் மூடிக்கொண்டேன்.

"நாளைக்குத் தாங்காது. அடுப்பப் பத்த வை."

தலையைப் பை மாதிரி உள்வெளியாகத் திருப்பி, மைப்பையை எடுத்து, வாயைக் கிள்ளி எறிந்தான். வழவழப்புப் போக உப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். அந்த வேலையை நான்தான் ஏற்கெனவே முடித்து வைத்திருந்தேனே. கொதிக்கிற தண்ணீரில் மூன்று முக்கு, எட்டுக் கையும் பூவாகச் சுருண்டுகொண்டன. "அரை நிமிஷம் கூடினா செருப்புடா!" மிளகு வாசனைக்கு, ஓடிய பெண்கள் எல்லாம் திரும்பி வந்தார்கள். ஒரு துண்டு மிச்சமில்லை. "பாய், நாளைக்கும் உண்டா?" என்று ஒருத்தி கேட்டபோது சலீம் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மறுநாள் பேய்க்கணவாய் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. "நாம வேணும்னு தேடினா அது வலைல வராது பாய்" என்றார் வலைக்காரர். மற்ற பத்துக் கடைகளைப் போல வஞ்சிரம் வறுத்துப் பார்த்தான். இரண்டே மாதம், பாஸ்போர்ட் பெட்டியிலிருந்து வெளியே வந்தது.

இப்போது ஷெட் இல்லை, தொட்டி இல்லை, இன்ஜின் போய் மோட்டார் வந்துவிட்டது. சலீம் கடை போட்ட இடத்தில்தான் இந்த ஹோட்டல். அவன் இன்னும் பஹ்ரைனில். மகளின் கல்யாணத்தைக்கூடப் போனில்தான் பார்த்தான்.

தட்டைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"தண்ணி டிகிரி பாத்தாங்களாமா?"